மாலை நேர வகுப்புகள்: தன்னார்வம் மட்டும் போதுமா?

புனே: ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் கற்பிக்க, கல்லூரி மாணவர்களைத் தன்னார்வலர்களாகத் திரட்டி 1991-இல் மும்பையில் தொடங்கப்பட்டது ஆகான்ஷா அறக்கட்டளை. பின்னர் புனேக்கும் விரிவடைந்த அந்த அமைப்பு, தற்போது மாநகராட்சியுடன் இணைந்து முழுநேரப் பள்ளிகளை நடத்துகிறது. சில மணி நேர வகுப்புகளின் எல்லையை இம்மாற்றம் உணர்த்துகிறது.

தேர்வோ வேலையோ வந்தால் தன்னார்வலர் விலகிவிடுவார். பழகிய முகத்தை இழந்த குழந்தையின் ஆர்வமும் குன்றும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், அந்தந்தப் பகுதியிலேயே தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் வழங்கியது. தொகை சிறிதே, எனினும் பொறுப்பை அது நினைவூட்டுகிறது.

புனேயில் அறிவியல், கலை, வாசிப்பு மன்றங்களை நடத்த முன்வருவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எதைக் கற்பிப்பது என்பதன்று. ஓராண்டேனும் தொடர இயலுமா என்பதே.