காத்தரீனா எத்தனை வேளை சாப்பிடவில்லை?

போன வாரம் முழங்கால் வலிக்கு வைத்தியம் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

லீவுக்கு வந்திருக்கும் பேத்தி லேப்டாப்பில் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, இது உங்க ஷேக்ஸ்பியர்தானாம், வந்து பாருங்க" என்றாள். 1999இல் வந்த 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ'. நம்ம பழைய 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தை அமெரிக்காவில் சியாட்டிலில் ஒரு ஹைஸ்கூலுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நாடகம் நடக்கும் ஊர் பாதுவா. பள்ளிக்கூடத்தின் பெயரும் பாதுவா. பெட்ரூக்கியோவின் ஊர் வெரோனா. பையனின் குடும்பப் பெயர் வெரோனா. எனக்கு ஒரே குஷி, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே பார்த்தேன்.

என் வயசுக்காரர்கள் இந்த மாதிரிப் படங்களை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். "கிளாசிக்கைக் கெடுத்துட்டாங்க" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய காமெடிகளுக்கு ஒரு பூட்டு வேண்டும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகாமல் தங்கைக்கு இல்லை என்று அப்பா சொல்வார், அந்தப் பூட்டை உடைக்கத்தான் ஆள்மாறாட்டமும் கூத்தும். இன்றைக்கு சியாட்டிலில் முப்பது வயசுப் பெண்ணிடம் எந்த அப்பா அப்படிச் சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் சொல்லலாம். அக்கா ஒருத்தனோடு வெளியே போனால்தான் நீ போகலாம் என்கிறார் படத்து அப்பா. அவர் பிரசவ டாக்டர். சின்ன வயசிலேயே பிள்ளை பெற வருகிற பெண்களைப் பார்த்துப் பார்த்துப் பயந்து போனவர். ஷேக்ஸ்பியரின் பாப்டிஸ்டாவுக்கு இப்படி ஒரு பயம் கிடையாது, வரதட்சணைக் கணக்குதான் உண்டு.

பணம் இரண்டிலும் வருகிறது. பெட்ரூக்கியோ பணக்காரப் பெண் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஊருக்குள் நுழைகிறவன். படத்தில் அந்த வெரோனா பையன் அவளோடு பழகுவதற்கு இன்னொரு பையனிடம் காசு வாங்குகிறான். ஆனால் நாடகத்தில் யாருக்கும் அது உறுத்தவே இல்லை. படத்தில் அந்தப் பெண் கேட்டுக்கு விஷயம் தெரியவரும் இடத்தில் எனக்கே முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் அதே காசில் ஒரு கிடார் வாங்கிக் கொடுத்து அவன் சமாதானம் செய்துவிடுகிறான். அது ரொம்ப சுலபமாக முடிந்துவிட்டது என்று பேத்தியிடம் சொன்னேன். "கிடார் நல்லா இருக்கு தாத்தா" என்றாள்.

பெரிய வித்தியாசம் அடக்குகிற விஷயம்தான். நாடகத்தில் வல்லூறைப் பழக்குவது போலப் பட்டினி போட்டு, தூங்கவிடாமல் செய்து, சூரியனைச் சந்திரன் என்று சொல்ல வைத்துப் பெண்ணை வழிக்குக் கொண்டுவருகிறான். படத்தில் அது கிடையாது. அவள் ஏன் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாள் என்று பையன்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.

முடிவையும் பாருங்கள். நாடகத்தில் பெண் அடங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் அப்பா சந்தோஷப்பட்டு மாப்பிள்ளைக்கு இன்னொரு 20,000 கிரௌன் கொடுக்கிறார். படத்தில் அப்பா, மகள் ஆசைப்பட்ட தூரத்துக் கல்லூரிக்கு செக் அனுப்பிவிடுகிறார். நானூறு வருஷத்தில் பணம் யார் கைக்குப் போகிறது என்பது மாறியிருக்கிறது.

ஷேக்ஸ்பியரைத் திருத்துவது புதிய துணிச்சலும் இல்லை. அவர் காலத்திலேயே, அவரோடு சேர்ந்து எழுதிய ஜான் ஃபிளெட்சர், பெட்ரூக்கியோவின் இரண்டாம் மனைவி அவனை அடக்குவதாக ஒரு நாடகம் போட்டுவிட்டார். நம்ம ஊரில்தான், 1963இல் இதே கதையை வைத்து வந்த சிவாஜி - பானுமதியின் 'அறிவாளி' தொடங்கி எத்தனையோ படங்களில் திமிர் பிடித்த பணக்காரப் பெண் அடங்குவதற்கு விசில் அடித்தோம். நானும் அடித்திருக்கிறேன்.

விசில் அடித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாடமும் நடத்தினேன். சார்லஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் 1807இல் சுருக்கி எழுதிய கதை, நான்-டீடெயில். நானே பெட்ரூக்கியோ, நானே வேலைக்காரன். டஸ்டரை இறைச்சி என்று சொல்லித் தூக்கி எறிவேன். வகுப்பே உருண்டு சிரிக்கும். ஒரு வருஷம், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அவ எத்தன வேள சாப்பிடாம இருந்தா?" என்று கேட்டாள். "இது காமெடிம்மா, கணக்குப் பாடம் இல்ல" என்றேன். வகுப்பு இன்னும் சத்தமாகச் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. மத்தியானம் அவள் டிபன் பாக்ஸ் கொண்டுவருவாளா என்று நான் பார்த்ததும் இல்லை.

படத்தில் ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வருகிறார், மார்கன் என்று பெயர். சிடுசிடு ஆள், கேட் வாயைத் திறந்தாலே வெளியே அனுப்புவார். ஆனால் ஷேக்ஸ்பியர் கவிதை ஒன்றைக் கொடுத்து, உங்கள் பாணியில் நீங்களே ஒன்று எழுதி வாருங்கள் என்கிறார். நாடகத்தின் கடைசியில் காத்தரீனா பேசும் நீண்ட பணிவுப் பிரசங்கத்தின் இடத்தில் அந்த வீட்டுப்பாடம்தான் வருகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கேட் அழுதுவிடுகிறாள். "இதுவும் சரணாகதிதானே?" என்று கேட்டேன். "இல்ல தாத்தா, அவன் சொல்றத கேப்பேன்னு அவ சொல்லல. கோவமா இருக்கேன், ஆனா வெறுக்க முடியலன்னு சொல்றா" என்றாள் பேத்தி. நான் கொடுத்த வீட்டுப்பாடம், போர்டில் நான் எழுதிப்போட்ட நூறு வார்த்தையை அப்படியே எழுதி வருவது.

உங்களில் டீச்சர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதை பாடத்தில் வந்தால் எடுத்துவிடச் சொல்லாதீர்கள். நடத்துங்கள். நடத்திவிட்டு, உங்கள் பள்ளிக்கூடத்தில் இது நடந்தால் கடைசிக் காட்சி எப்படி இருக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். மார்க் போடாதீர்கள்.

கடைசி பெஞ்சுப் பெண்ணே, நீ இதைப் படிக்கிறாயா தெரியாது. கேள்விக்கு விடை சொல்கிறேன். கல்யாண விருந்துக்கே அவளை இருக்க விடாமல் இழுத்துக்கொண்டு போனான். அன்று ராத்திரி வந்த இறைச்சியைக் கருகிவிட்டது என்று எறிந்தான். அடுத்து ஒரு தட்டு வந்தபோது, நன்றி சொன்னால்தான் சாப்பாடு என்றான். சொன்னாள். நாடகத்தில் அதையும் நண்பனிடம் முழுக்கத் தின்றுவிடச் சொல்கிறான். மேரி லாம்ப் மட்டும், மனசு கேட்கவில்லையோ என்னவோ, அந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் சாப்பிட விட்டிருக்கிறார். நம்ம புத்தகத்திலேயே அது இருந்தது அம்மா. நான் அந்த வரியை வேகமாகப் படித்துத் தாண்டியிருக்கிறேன்.