அளவுகோல் எவர் கையில்?

திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலைக் கரை. செயற்கைக்கோள் கருவி படகேறும் முன்பு, இக்கரையோர மீனவன் நடுக்கடலில் தன் பாரை எப்படிக் கண்டான்? மந்திரத்தாலா? அருள்வாக்காலா? இல்லை! கரையில் ஒன்றன்பின் ஒன்றாய் நேர்படும் அடையாளங்கள் இரண்டு. கோபுரம் ஒன்று, பனைக்கூட்டம் ஒன்று. வேறொரு திசையில் அதுபோல் இன்னும் இரண்டு. அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே அவன் தேடும் இடம். ஏட்டில் ஏறாத கணிதம் அது!

இக்கணிதத்தின் உடன்பிறப்பைத்தான் வில்லியம் லாம்டன் கையாண்டார். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டது. புகை அடங்கிய மறு ஆண்டே, 1802-இல், பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார் லாம்டன். முக்கோணத்தின்மேல் முக்கோணமாய் அடுக்கிக் குமரிமுனைப் பக்கம் வரை வந்தார். அவர் நாடியது பூமியின் வடிவம். கும்பினி நாடியது பூமியின்மீது பிடி!

ஆயினும் அறிவுக்கு நிறமில்லை. அவர் உழைப்பைப் போற்றுகிறோம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அரை டன் கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. தெய்வக் குற்றமென்று பரிகாரம் தேடினாரா? தேடவில்லை! வாரக்கணக்கில் உழைத்துக் கருவியைச் செப்பனிட்டார். மீண்டும் அளக்கப் புறப்பட்டார். 1823-இல் இங்கன்காட்டில், பணியினிடையே மாண்டார்.

லாம்டனின் பெயர் நிலைத்தது. சங்கிலி இழுத்தவன், கொடியேந்தி மலையேறியவன், காட்டுக் காய்ச்சலில் மடிந்தவன், இவர்கள் பெயர் எங்கே? உழைத்தவன் பெயர் ஏட்டில் இல்லை. அவன் குடிசை நின்ற மண்ணோ பல இடங்களில் ‘புறம்போக்கு’ என்று ஏடேறியது! பாட்டன் வலை உலர்த்திய மணலுக்குப் பேரனிடம் பட்டா கேட்பது எந்த நீதி?

இன்று புதுக்கோடு ஒன்று வரையப்படுகிறது. உயர் அலைக் கோடு. அதிலிருந்து 500 மீட்டர் நிலத்தைக் கட்டுக்குள் வைத்தது 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை. மீனவர் ஊர்களையும், அவர்தம் பொதுவிடங்களையும், மீன் உலர்த்தும் களங்களையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றது 2011-ஆம் ஆண்டின் அறிவிக்கை. நல்ல சொல்தான். ஆனால், காட்டப்படாத களம் நாளை எவருடையது? வரைபடத்தில் இல்லாதவன் வழக்கிலும் இல்லை!

ஆகவே சொல்கிறோம்: அலை எதுவரை ஏறும் என்று அலையோடு வாழ்பவனைக் கேளுங்கள். அவனை உடன் நிறுத்திக் கோடு வரையுங்கள். அவன் மொழியில் வரைபடத்தை ஊர்நடுவே வையுங்கள்.

கரையோரத் தோழர்களே! 1794-இல் சென்னையில் தோன்றிய நில அளவைப் பள்ளியே கிண்டிப் பொறியியற் கல்லூரியாய் வளர்ந்தது. உங்கள் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், அதன் வாயிலில் நுழையட்டும். மெழுகுவத்திக்கும் காணிக்கைக்கும் செலவிடும் காசில் ஒரு பகுதி அவர்தம் புத்தகத்துக்காகட்டும். அளக்கப்பட்டவராய் வாழ்ந்தது போதும், அளப்பவராய் நிமிர்வோம்!