மாநகரில் இரட்டைக் கன்று: பால் யாருக்கு?

மயிலாப்பூர் மாடவீதிகளிலும், தியாகராய நகரின் சந்துகளிலும், அடையாற்றின் உட்புறத் தெருக்களிலும் மாடு வைத்திருப்போருக்கு இப்போது தீவன விலையை விடப் பெரிய கவலை அபராதம்தான். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி மாணவி ஒருவரை மாடு முட்டித் தூக்கியெறிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டியதில் முதியவர் ஒருவர் உயிரிழந்தார். இந்தச் சம்பவங்களை ஒட்டி, தெருவில் பிடிபடும் மாட்டுக்கான அபராதத்தை மாநகராட்சி 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. 2024-ல் அது முதல் முறைக்கு 10,000, இரண்டாம் முறைக்கு 15,000 என்றானது.

பொதுமக்கள் பாதுகாப்பை வைத்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் இந்த அபராதம் எல்லா மாட்டையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. அதிகம் அடிபடுவது புதிதாகக் கன்று ஈன்ற பசு வைத்திருப்பவர். அதிலும் இரட்டைக் கன்று என்றால் கேட்கவே வேண்டாம்.

இரட்டைக் கன்று அபூர்வம்தான். இறைச்சி இனங்களில் நூறு ஈற்றுக்கு ஒன்று என்ற அளவிலும், எச்.எஃப். போன்ற பால் இனங்களில் மூன்று முதல் ஐந்து வரையும் வரும். கலப்பினத்தில் எச்.எஃப். ரத்தம் கூடக் கூட வாய்ப்பும் கூடும். மேலைநாட்டு இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் இது வேறு விதமான பிரச்னை. அங்கே யாரும் பால் கறப்பதில்லை. மேய்ச்சலில் தாய் ஒரு கன்றோடு நகர்ந்துபோய் இன்னொன்றை விட்டுவிடும் என்பதால், மூன்றையும் சில நாள் சிறு பட்டியில் அடைத்து வைப்பார்கள். அல்லது கன்று இழந்த வேறொரு பசுவிடம் ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். தாயின் பால் இரண்டுக்கும் போதுமா என்பது மட்டுமே அவர்கள் கவலை. நமக்கு இரண்டு கன்றோடு வாடிக்கையாளர் என்ற மூன்றாவது வாயும் இருக்கிறது.

முதல் நாள்

முதல் கன்று விழுந்ததும் பசு மறுபடி முக்கினாலோ, வயிறு குறையாமல் இருந்தாலோ உள்ளே இன்னொன்று இருக்கலாம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் வந்துவிடும். தாமதமானால் கையை விட்டு இழுக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது. இரட்டை ஈற்றில் நஞ்சுக்கொடி தங்குவது அதிகம். 12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் கல் கட்டித் தொங்கவிடுவது, பிடித்து இழுப்பது எதுவும் கூடாது. கருப்பை புண்ணாகி அடுத்த சினையே பாழாகும்.

அடுத்தது சீம்பால். மயிலாப்பூர்ப் பக்கம் பசு ஈன்ற செய்தி தெருவில் பரவியதும் சீம்பாலுக்குப் பாத்திரம் வந்துவிடும். நல்ல விலையும் கிடைக்கும். ஒற்றைக் கன்று என்றால் மிஞ்சியதைக் கொடுக்கலாம். இரட்டை என்றால் மிச்சம் என்ற பேச்சே இல்லை. கன்றின் குடல் நோய் எதிர்ப்புப் புரதத்தை அப்படியே உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ கன்றுக்கு 2 லிட்டர் சீம்பால், முதல் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். 12 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை கொடுப்பது நல்லது.

இரட்டைக் கன்றுகள் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே பிறப்பதால் எடை குறைந்தும், சப்பும் வலு இல்லாமலும் இருக்கும். துடிப்பான கன்று நான்கு காம்பையும் பிடித்துக்கொள்ள, மற்றது ஓரமாகப் படுத்துக்கிடக்கும். எனவே கறந்து, அளந்து, தனித்தனியாகப் புகட்டுவதே சரி. பால் பற்றாவிட்டால் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கும் பழைய வழக்கத்தால் சாணம் இளகும். நோய் எதிர்ப்புப் புரதம் அதில் கிடையாது. பக்கத்துத் தெருவில் ஈன்ற, நோயில்லாத பசுவின் சீம்பால்தான் மாற்று. அதைப் பிரீசரில் உறைய வைத்தால் பல மாதம் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்க வேண்டும், கொதிக்க வைக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி இருக்கும் நகரத்தில் நாலைந்து பேர் சேர்ந்தால் இதை எளிதாகச் செய்யலாம்.

தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் நனைப்பதையும், பத்து நாள் கழித்துக் குடற்புழு மருந்து கொடுப்பதையும் எல்லாரும் அறிவார்கள். எருமூட்டமும் ஈரத் தரையும் உள்ள நகரக் கொட்டிலில்தான் இவை தவறிப்போகின்றன.

கணக்கு

எட்டு லிட்டர் கறக்கும் பசுவை எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்றால், இரண்டு கன்றுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். விற்க மிஞ்சுவது 4 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 240 ரூபாய். ஒருமுறை மாடு பிடிபட்டு 10,000 ரூபாய் கட்டினால், தீவனச் செலவைக் கழிக்காமலே 42 நாள் பால் பணம் போகும். ஒற்றைக் கன்றுக்காரருக்கு இதுவே 28 நாள். வாடிக்கையைக் காப்பாற்றக் கன்றின் பங்கைக் குறைத்தால் கழிச்சலில் கன்று போய்விடும். இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனம் பழக்கி, இரண்டாம் மாதம் பாலைப் பதினைந்தில் ஒரு பங்காகவும், மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்காகவும் குறைக்கலாம். அதற்கு முன் சிக்கனம் வேண்டாம்.

தாய்க்கும் இது சோதனைக் காலம். இரட்டைச் சினையின் கடைசி மாதங்களில் வயிற்றில் தீவனத்துக்கு இடமே இருக்காது. ஈன்ற கையோடு மெலிந்து, பால் சுரமும் கீட்டோசிஸும் வரக்கூடும். கால்சியம் ஊசியைக் கடையில் வாங்கி நாமே ஏற்றுவது ஆபத்து. வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ அடர்தீவனம், அதோடு தாது உப்பு, கூடவே பசுந்தீவனம். நகரத்தில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதில்லை. அதனால்தான் பசு தெருவுக்கு அவிழ்த்துவிடப்படுகிறது. அங்கே அது தின்பது வாழையிலையும் காய்கறிக் கழிவும் மட்டுமல்ல, அவற்றைக் கட்டிய பிளாஸ்டிக் பையும்தான். அது இரைப்பையில் அடைத்துக்கொண்டால், எவ்வளவு தீவனம் வைத்தாலும் மாடு தின்னாது.

கிடேரியைச் சோதியுங்கள்

இரண்டும் கிடேரி என்றால் கவலையில்லை. ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் அந்தக் கிடேரி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. கருப்பையில் இரண்டின் ரத்தக் குழாய்களும் இணைந்து, காளைக்கன்றின் சுரப்புகள் கிடேரியின் இனப்பெருக்க உறுப்பை வளரவிடாமல் செய்துவிடுகின்றன. இது தெரியாமல் இரண்டரை ஆண்டு தீவனம் போட்டு, நான்கைந்து சினை ஊசியும் போட்ட பிறகுதான் பலர் உண்மையை அறிகிறார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் மருத்துவர் பிறப்புறுப்புக் குழாயின் ஆழத்தை அளந்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இயல்பான கன்றில் 12 முதல் 15 செ.மீ. வரை இருக்கும், மலட்டுக் கிடேரியில் அதில் பாதிகூட இருக்காது. இட நெருக்கடி உள்ள நகரத்தில் இந்த ஒரு சோதனை, எந்தக் கன்றை வைத்துக்கொள்வது என்ற முடிவையே மாற்றிவிடும். கால்நடை ஆய்வாளர்கள் இரட்டை ஈற்றைப் பதிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

தொழுவம் எங்கே?

மாடு ஒன்றுக்கு 36 சதுர அடி இடம் வேண்டும் என்கிறது மாநகராட்சி. அது ஒரு பசு நின்று படுக்கும் அளவு. கன்று ஒவ்வொன்றுக்கும் கூரையின் கீழ் குறைந்தது 10 சதுர அடி தனியாக வேண்டும். சந்துக்குள் இருப்பவருக்கு அது பெரிய இடம். மாநகராட்சி பொதுத் தொழுவங்கள் கட்டும் வேலையில் இறங்கியிருப்பது நல்லதே. ஆனால் மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்திலும், தியாகராய நகர் கோடம்பாக்கம் மண்டலத்திலும் வருகின்றன. அடையாறு தனி மண்டலம். நாளுக்கு மூன்று நான்கு முறை கன்றுக்குப் பால் புகட்ட வேண்டியவர் தொலைதூரத் தொழுவத்தில் மாட்டைக் கட்ட மாட்டார். தொழுவம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். கன்றுகளுக்குத் தனித் தடுப்பும் வேண்டும்.

பிடிபட்ட மாடுகள் பெரம்பூர், புதுப்பேட்டை தொழுவங்களுக்குக் கொண்டுபோகப்படுகின்றன. அதில் நேற்று ஈன்ற பசு ஒன்று இருந்தால், வீட்டில் இரண்டு கன்று சீம்பால் இல்லாமல் கிடக்கும். அங்கே பசுவுக்கு மடி கனத்து மடிநோய் பிடிக்கும். ஈன்று ஒரு வாரம் ஆகாத பசு பிடிபட்டால், அபராதத்தை வசூலிக்கட்டும். பசுவை அன்றே கன்றிடம் அனுப்பவோ, கன்றுகளைத் தொழுவத்துக்குக் கொண்டுவரவோ விதியில் இடம் தரலாம். சினை முற்றிய பசுவை ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பே கட்டிப்போட்டுத் தீவனம் கொடுப்பது வளர்ப்பவர் வேலை. அந்த ஒரு மாதத்துக்கு வேண்டிய வைக்கோலை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.