வெளுத்த கறி நல்ல கறியா?

1987ஆம் ஆண்டில் அமெரிக்கப் பன்றி வளர்ப்போர், கோழிக்கறியின் மீது ஜனங்களுக்கு ஏற்பட்டிருந்த மோகத்தைக் கண்டு, தங்கள் சரக்கையும் 'இன்னொரு வெள்ளை இறைச்சி' என்று விளம்பரம் செய்தார்கள். வியாபார தந்திரம் என்ற அளவில் அது சாமர்த்தியமானதுதான். ஆனால் வெளுப்பே உயர்வு என்ற எண்ணம் பன்றிக்கறி விஷயத்தில் பெரும் பிசகு என்பது என் அபிப்பிராயம்.

இறைச்சிக்குச் சிவப்பைத் தருவது, பிராணவாயுவைத் தசைக்குள் ஏந்தி வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதம். ஓயாமல் உழைக்கும் தசையில் அது மிகுதியாகையால், ஒரே பன்றியின் தோள்கறி சிவந்தும் முதுகுக்கறி வெளுத்தும் இருப்பது இயற்கை, அதில் குற்றமில்லை. நான் சொல்லும் வெளுப்பு வேறு. பிராணி உயிர் நீத்த பின்னும் தசை உடனே ஓய்வதில்லை. பிராணவாயு கிட்டாத நிலையில் அது தன்னிடமுள்ள கிளைக்கோஜனை லாக்டிக் அமிலமாக்கிக்கொண்டே போக, 7ஐ ஒட்டியிருந்த பி.எச். அளவு பல மணி நேரத்தில் மெல்ல மெல்ல 5.6க்கு அருகில் இறங்கி நிற்பதே முறை. அடித்தும் விரட்டியும் அந்திம வேளையில் கலவரப்படுத்தப்பட்ட பன்றியிலோ, அந்த இறக்கத்தின் பெரும்பகுதி முக்கால் மணிக்குள், தேகத்தின் சூடு ஆறுமுன்பே முடிந்துவிட, சூடும் அமிலமும் ஒருங்கே தாக்கிய புரதங்கள் நீரைப் பிடித்து வைக்கும் சக்தியை இழந்துவிடுகின்றன. அந்தக் கறி வெளிறி, விரலுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். வைத்த தட்டில் இளஞ்சிவப்பாக நீர் கசியும். அது இரத்தமன்று, சட்டிக்குப் போயிருக்க வேண்டிய ஈரம். வெந்தபின் கறி சக்கையாக இருப்பதற்குச் சமையற்காரரைக் கோபித்துப் பயனில்லை.

பிறவியிலேயே இந்தக் கோளாறு அமைந்த பன்றிகளும் உண்டு. திரண்ட தொடைக்கும் கொழுப்பின்மைக்கும் பெயர்பெற்ற, பெல்ஜியத்துப் பியேத்ரேன் இனத்தில் அது மலிந்திருந்தது. தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதே காரணம் என்று 1991இல் டொரோன்டோ விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். கொழுப்பற்ற சதையையும் அந்த மரபணுவே தந்தமையால், மெலிந்த கறியைத் தேடித் தேடிப் பொறுக்கிய வளர்ப்போர், தம்மையறியாமலே அந்தப் பிழையையும் பேணி வளர்த்தார்கள். இப்போது அதைச் சோதனையால் களைந்துவிடலாம். கொட்டடியின் முரட்டுத்தனத்தைக் களையச் சோதனை ஏதுமில்லை.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை கறி வாங்கும்போது தட்டின் அடியைப் பாருங்கள். நீர் தேங்கி நின்றால், சற்றே சிவந்த, இறுக்கமான துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.