இல்லாத விஞ்ஞானி

"பார்ப்பதற்கு ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள், ஆனால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்படி இருக்க வேண்டும்" என்று நேயர்கள் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். வீட்டுக் கூடத்திலுள்ள டெலிவிஷன் பெட்டிக்குள்ளே இப்போது எத்தனையோ கம்பெனிகள் கடை விரித்திருக்கின்றன. கடைக்குக் கடை சரக்கு மலைபோல் குவிந்திருக்கிறது. எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே முக்கால் மணி நேரம் போக்கிவிட்டு, பிறகு ஒன்றையும் பார்க்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டு படுக்கப் போகும் குடும்பங்கள் அநேகம். நம்முடைய குடும்பமும் அவற்றில் ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆகையால் சமீபத்தில் நம் வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. புதிது புதிது என்று அலைவதை நிறுத்தி, நாலு பேர் நல்லதென்று சொல்லி நாளாகிவிட்ட ஒரு தொடரை ஆதியோடந்தமாகப் பார்த்து விடுவது என்று. சபையில் நால்வர்: நாம், நம் வீட்டு எஜமானி, காலேஜில் பௌதிகம் படிக்கும் புதல்வன், எழுபத்தெட்டு வயதான அத்தை. தேர்ந்தெடுக்கப்பட்ட தொடர், 2019-ம் வருஷத்தில் வெளிவந்த "செர்னோபில்."

இது நம் தேசத்தில் முதலில் ஹாட்ஸ்டாரில் வந்தது. 2023-ல் அந்தச் சரக்கெல்லாம் ஜியோ சினிமாவுக்குக் கை மாறிற்று. 2025-ல் அந்த இரண்டு கடைகளும் ஒன்றாகிவிட்டன. படம் பார்க்கிறவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறான்! அது போகட்டும்.

மொத்தம் ஐந்தே பாகங்கள். இதுவே முதல் புண்ணியம். எட்டு பாகம், பத்து பாகம் என்று இழுத்து, முடிவில் "மிச்சம் அடுத்த வருஷம்" என்று கையை விரிக்கிற தொடர்களுக்கு நடுவில், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டால் நமக்கு மரியாதை உண்டாகிறது. எழுதியவர் கிரெய்க் மேஸின். டைரக்ட் செய்தவர் யோஹான் ரெங்க். நடிகர்கள் ருஷ்யர்களைப்போல் நாக்கை உருட்டி இங்கிலீஷ் பேசாமல், தங்கள் சொந்த உச்சரிப்பிலேயே பேசுகிறார்கள். முதல் பத்து நிமிஷத்துக்கு விசித்திரமாக இருக்கும். அப்புறம் மறந்தே போகும்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1986-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி அதிகாலை 1 மணி 23 நிமிஷத்துக்கு, அப்போது சோவியத் ஆட்சியிலிருந்த உக்ரேனில், செர்னோபில் மின்சார நிலையத்தின் நாலாவது அணு உலை வெடித்தது. ஆனால் தொடரின் பயங்கரம் வெடிப்பில் இல்லை. வெடித்த பிறகு அறைக்குள் இருக்கிறவர்கள், "வெடிக்கவில்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்களே, அதில் இருக்கிறது. கதிர்வீச்சை அளக்கும் கருவி மணிக்கு 3.6 ராண்ட்ஜன் காட்டுகிறது. அபாயந்தான், ஆனால் பிராணாபாயம் இல்லை என்று மேலிடத்துக்குத் தகவல் போகிறது. அந்தக் கருவியால் 3.6-க்கு மேல் காட்டவே முடியாது என்பது மெள்ள மெள்ளத்தான் வெளியாகிறது. இது கற்பனையல்ல, நடந்த விஷயம். அடுத்த ஊரான பிரிப்யாட்டில் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் ஜனங்கள். அவர்களை பஸ்களில் ஏற்றிக் கிளப்பியது மறுநாள் பிற்பகலில். ஸ்வீடனில் ஓர் அணு மின் நிலையத்துக் கருவிகள் கூச்சல் போட்ட பிறகு, 28-ந் தேதி இரவுதான் சோவியத் சர்க்கார் தம் மக்களுக்கு இரண்டு வரி செய்தி சொன்னார்கள்.

முதல் இரவு, "ஒரு பாகத்தோடு நிறுத்துவோம்" என்று பேச்சு. ஆனால் பெட்டி நம்மைக் கேட்கிறதா? ஒன்று முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், இத்தனை விநாடியில் அடுத்தது என்று தானே எண்ணத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் கண்ணாடியைத் தேடி, ரிமோட்டைத் தேடி, சரியான பொத்தானை அமுக்குவதற்கு அர்ஜுனன் வந்தால்தான் முடியும். இரண்டாவது பாகத்தையும் பார்த்தோம்.

அத்தைக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். தெரியாததைப் புதல்வன் காதோரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது பாகத்தில், மின்ஸ்க் நகரத்து விஞ்ஞானி உலானா ஹோம்யுக் என்ற ஸ்திரீ வருகிறாள். எமிலி வாட்ஸன் நடித்திருக்கிறார். காற்றில் எதையோ கண்டு சந்தேகித்து, தடுத்தவர்களையெல்லாம் தாண்டிக்கொண்டு விபத்து நடந்த இடத்துக்கே வந்து சேர்கிறாள். ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் தொழிலாளிகளைக் கேள்வி கேட்டு உண்மையைத் திரட்டுகிறாள். அத்தைக்கு அவளிடம் ஏற்பட்ட வாத்ஸல்யத்தைச் சொல்லி முடியாது. "இப்படி ஒரு பெண்பிள்ளை இருந்தால் போதும்!" என்று மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது பாகம் விசாரணை. வலேரி லெகஸோவ் என்ற ரசாயன விஞ்ஞானி, சிவப்பும் நீலமுமாய்ச் சில அட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, உலை எப்படி வேலை செய்கிறது, எப்படி வெடித்தது என்று கோர்ட்டில் விளக்குகிறார். நாம் பார்த்த எந்த நாடகத்திலும் ஒரு பௌதிக பாடம் இவ்வளவு ஸ்வாரஸ்யமாக இருந்ததில்லை. உலையை அடக்குவதற்கான கோல்களின் நுனியில் கிராஃபைட் வைத்திருந்தார்கள். நிறுத்தும் பொத்தானை அமுக்கியதும் அந்த நுனிதான் முதலில் உள்ளே இறங்கிற்று. அதனால் சக்தி அடங்குவதற்குப் பதில் எகிறிற்று. புதல்வன் இதைச் சொன்னபோது அத்தை கேட்டாள்: "அடுப்பை அணைக்கத் திருகினால் முதலில் குபீரென்று எரிந்துவிட்டுத்தான் அணையும் என்கிறாயா?" இதைவிட நன்றாக லெகஸோவினாலும் சொல்ல முடியாது.

கடைசியில் சில வாசகங்கள் திரையில் வந்தன. ஹோம்யுக் என்று ஒருத்தி இல்லை. லெகஸோவுக்குத் துணை நின்ற பல விஞ்ஞானிகளுக்குப் பிரதிநிதியாகச் சிருஷ்டிக்கப்பட்ட பாத்திரம் என்று அவற்றில் ஒன்று தெரிவித்தது. அத்தை அப்போதுதான், "அந்த அம்மாள் இன்னும் சௌக்கியமாக இருக்கிறாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். புதல்வன் விஷயத்தைச் சொன்னான். அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் மூன்று நாளாக யாருக்காக வேண்டிக்கொண்டேன்?" என்றாள்.

நேயர்களே, இந்தக் கேள்விதான் இந்த வாரப் பக்கத்துக்குக் காரணம். கதையென்றால் கதை, சரித்திரமென்றால் சரித்திரம். இரண்டையும் கலந்து கொடுக்கிறவர்கள், பார்க்கிறவனிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள்?

ஹோம்யுக் விஷயத்தில் நாம் அத்தையோடு சேரவில்லை. பல பேரை ஒருத்தியாக்குவது நாடகத்தின் பழைய உரிமை. அதை ஒளிக்காமல் சொல்லியும் விட்டார்கள். நமக்கு உறுத்துவது கோர்ட்டுக் காட்சிதான். 1987 ஜூலையில் நடந்த அந்த விசாரணையில் லெகஸோவ் பேசவேயில்லை. அவர் அங்கே இல்லை. அவர் உலகத்தின் முன் பேசியது 1986 ஆகஸ்டில், வியன்னாவில். அங்கே கொடுத்த அறிக்கை பெரும் பழியை இயக்கியவர்கள்மேல் போட்டது. உலையின் அமைப்பிலேயே இருந்த குற்றத்தை முழுதும் வெளியிடவில்லை. வியன்னாவில் அவர் மறைத்தார் என்பதைத் தொடரே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு, மறைத்த மனுஷனுக்குப் பிராயச்சித்தமாக ஒரு வீர கட்டத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறது! நிஜ லெகஸோவ் தம் நினைவுகளை ஒலி நாடாக்களில் பேசி வைத்துவிட்டு, 1988 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார். கோர்ட்டு முழங்கலைவிட அது எவ்வளவோ கனமான முடிவு. பொய்யின் விலை என்ன என்று கேட்கிற தொடருக்கு அந்த மௌனம் போதாமற் போய்விட்டதே என்பதுதான் நம் வருத்தம்.

வேறு சில்லறைத் திருத்தங்களும் உண்டு. ஹெலிகாப்டர் விழுந்தது முதல் நாட்களில் அல்ல, அக்டோபரில். பாலத்தில் நின்று நெருப்பை வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை என்று வருகிறதே, அதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. இவ்வளவையும் சொன்ன பிறகு, மேஸினுக்கு ஒரு பாராட்டும் சொல்ல வேண்டும். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று பாகத்துக்கு ஒன்றாக ஒலிப்பேச்சு வெளியிட்டு, தாமே கணக்குக் காட்டியிருக்கிறார். நம் சரித்திரப் படம் எடுக்கிறவர்களில் இப்படிக் கணக்குக் காட்டினவர் ஒருவரை நாம் கண்டதில்லை.

சிபார்சு செய்கிறோமா என்றால், அவசியம் செய்கிறோம். குழந்தைகளை மட்டும் விலக்கி வையுங்கள். மூன்றாம் பாகத்து ஆஸ்பத்திரியும் நாலாம் பாகத்தில் நாய்களைச் சுடுவதும் பெரியவர்களுக்கே தூக்கத்தைக் கெடுக்கும். தீயணைக்கப் போனவன் ஒருவனுடைய இளம் மனைவியின் கதை, 2015-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்சின் புஸ்தகத்திலிருந்து வந்தது. தொடரில் மிகவும் நிஜமாயிருப்பதும் அதுதான். சங்கீதம் அமைத்த ஹில்டூர் குட்னடோட்டிர், லித்துவேனியாவில் மூடப்பட்ட ஓர் அணு நிலையத்துக்குள்ளேயே போய் ஓசைகளைப் பதிந்து வந்தார். இருட்டில் பார்க்கிறவர்களுக்கு அந்த முனகல் நெஞ்சில் தங்கும்.

தொடரோடு நிற்காமல், 2022-ல் ஜேம்ஸ் ஜோன்ஸ் எடுத்த "செர்னோபில்: தி லாஸ்ட் டேப்ஸ்" என்ற ஆவணப் படத்தையும் பாருங்கள். அந்த நாளையப் பழைய படச் சுருள்களை வைத்தே தொடுத்தது. 1986-ல் அந்த இடத்துக்கே காமிராவோடு போன விளாடிமிர் ஷெவ்சென்கோ என்பவரின் பிலிமில், கதிர்வீச்சு பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொட்டுகள் தெறித்திருக்கின்றன. பிலிம் கெட்டுப்போயிற்று என்றுதான் முதலில் நினைத்தாராம். 1987-ல் அவர் காலமானார். எந்த டைரக்டராலும் அந்தப் பொட்டுகளைச் சிருஷ்டிக்க முடியாது.

பயங்கரம் வேண்டாம் என்கிற வீடுகளுக்கு: முதுமலை தெப்பக்காட்டு முகாமில் தாயற்ற யானைக்குட்டி ரகுவை வளர்த்த தம்பதிகளைப் பற்றி கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த "தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்" இருக்கிறது. 2023-ல் ஆஸ்கார் பெற்றது. நாற்பது நிமிஷந்தான். தமிழ்ப் பேச்சு. குழந்தைகளைத் தாராளமாக உட்கார்த்தி வைக்கலாம். 2022-ல் வந்த "சுழல்" தொடரைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியில் வைத்திருப்பது அழகு; ஆனால் விஷயம் கடுமையானது. பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

ஆவணப் படத்தை ஞாயிற்றுக்கிழமை போடுவதாக உத்தேசம். "அதில் வருகிறவர்களெல்லாம் உண்டோ?" என்று அத்தை கேட்டாள். உண்டு என்றோம். "அப்படியானால் பகலிலேயே போடு" என்றாள்.