நேபாள டூர் பட்ஜெட்ல சித்வானை வெட்டாதீங்க!

நேபாள டூர்னாலே நம்ம லிஸ்ட்ல காத்மாண்டு, போக்ரா, முக்திநாத். பட்ஜெட் இடிச்சா முதல்ல வெட்டுறது சித்வான் தேசியப் பூங்காவைத்தான். "காட்டைப் பாக்க டிக்கெட், ஜீப், கைடுன்னு இவ்வளவு செலவா?" என்பீங்க. என் கருத்து நேர்மாறு: ஷாப்பிங்கைக் குறைங்க, இதைக் குறைக்காதீங்க.

காரணம் இருக்கு. நேபாளச் சட்டப்படி, பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள கிராமங்களின் வளர்ச்சிக்குப் போகலாம். காண்டாமிருகம் வயல்ல இறங்கினா நஷ்டம் விவசாயிக்கு. சில நேரம் உயிரே போகுது. காட்டால அவருக்கும் வருமானம் வந்தாத்தானே காட்டைக் காப்பாத்த நினைப்பார்?

ரிசல்ட்டைப் பாருங்க. 2009-ல் நேபாளத்தில் 121 புலிகள், 2022-ல் 355. 2021 கணக்கெடுப்பில் 752 காண்டாமிருகங்கள், அதில் 694 சித்வானில். ராணுவக் காவலும் முக்கியக் காரணம்தான். ஆனா ஊர் ஒத்துழைக்காம காவல் மட்டும் போதாது.

சரி, பணத்துக்கு? 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய்னு நிலையான மதிப்பு இருக்கு. அதனால டாலர் ஏறுமோங்கிற பயமில்லாம இப்பவே மொத்தச் செலவைக் கணக்குப் போடலாம். அதை 12-ஆல வகுத்து, மாசாமாசம் ஒரு ஆர்.டி. போடுங்க. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. வேண்டவே வேண்டாம்.

விமானத்தில் போக பாஸ்போர்ட் இல்லைன்னா வாக்காளர் அட்டை போதும், 15 முதல் 65 வயது வரை உள்ளவங்களுக்கு ஆதார் செல்லாது.

சிக்கனம்னா எல்லாத்தையும் வெட்டுறது இல்லீங்க. எந்தச் செலவு யாருக்குப் போய்ச் சேருதுன்னு பாத்து வெட்டுறதுதான்.