கை மாறிய ஜாகுவார்

இங்கிலாந்தின் பெருமைமிக்க கார்களுள் ஒன்று ஜாகுவார். இன்று அதன் முதலாளி இந்தியாவின் டாட்டா குழுமம்!

டாட்டா வாகனங்களையும், ஜாகுவார் லேண்ட் ரோவர் கம்பெனியின் வாகனங்களையும் செய்ய ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அதற்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 9 ஆயிரம் கோடி ரூபாய். 5 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள்.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், வந்தவாசி, காஞ்சீபுரம் வழியாகப் பனப்பாக்கம் போகலாம். தொழிற்படிப்பு முடித்த புதுவை வாலிபர்களுக்கும் இது நல்ல சேதிதான். ஆனால், பேர் பெற்ற கம்பெனி என்பதை மட்டும் நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா? ஜாகுவாரின் கதையைப் பார்ப்போம்.

சிறு தொடக்கம்

1922-ல் பிளாக்பூல் நகரில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்ற இரு வாலிபர்கள் கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பூட்டும் சைடு கார் செய்தார்கள். பிறகு கார் செய்தார்கள். 1935-ல் ஒரு காருக்கு "ஜாகுவார்" என்று பெயர் வைத்தார்கள். அது சிறுத்தையைப் போன்ற ஒரு காட்டு மிருகம். 1945-ல் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது.

பந்தயத்தில் வெற்றி

பிரான்சு நாட்டில் லெ மான் என்று ஓர் ஊர். அங்கே 24 மணி நேரம் ஓயாமல் நடக்கும் கார்ப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. 1951 முதல் 1957 வரை 5 முறை அதில் ஜாகுவார் வென்றது. 1953-ல் வென்ற காரில் "டிஸ்க் பிரேக்" இருந்தது. இன்று புதுவைத் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிலும் அந்த வகை பிரேக் இருக்கிறது.

1955-ல் அதே பந்தயத்தில், வேறொரு கம்பெனியின் கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 80 பேருக்கு மேல் மாண்டார்கள். வேகத்துக்குக் கொடுத்த விலை அது.

புகழ் காப்பாற்றியதா?

இல்லை. 1968-ல் ஜாகுவார், பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய கம்பெனிக்குள் அடங்கியது. வேலை நிறுத்தங்கள் நடந்தன. காரின் தரம் குறைந்தது. 1975-ல் அரசாங்கம் ஏற்றது. 1984-ல் மறுபடி தனிக் கம்பெனி ஆனது. 1989-ல் அமெரிக்காவின் ஃபோர்டு வாங்கியது. அதனாலும் லாபம் காண முடியவில்லை.

2008-ல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து டாட்டா 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபோர்டு கொடுத்த விலையில் பாதிகூட இல்லை! ஆனால் அடுத்த ஓராண்டில் டாட்டா மோட்டார்ஸ் கம்பெனிக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். அப்போதும் டாட்டா கைவிடவில்லை. புதிய மாடல்களுக்குப் பணம் போட்டது. கம்பெனி பிழைத்தது.

சோதனை இன்னும் ஓயவில்லை. மின்சாரக் கார்களுக்கு மாறுவதற்காக, 2024-ல் பிரிட்டனில் ஜாகுவாரின் பழைய மாடல்களின் விற்பனையை நிறுத்தினார்கள். 2025 செப்டம்பரில் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை விஷமிகள் முடக்கினார்கள். தொழிற்சாலைகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றன. உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகளும் தவித்தன.

புதுவை கண்ட பாடம்

இது புதுவைக்குப் புதிதல்ல. 1898-ல் தொடங்கிய ஏ.எப்.டி. மில்லும் பேர் பெற்றதுதான். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பின்னாளில் அரசாங்கமே ஏற்று நடத்தியது. அப்படியும் 2020-ல் மூடப்பட்டது.

ஆகவே, கம்பெனியின் பெயரை மட்டும் பார்த்துப் பயன் இல்லை. வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? என்ன பயிற்சி தருவார்கள்? மின்சார வாகன வேலை கற்றுக் கொடுப்பார்களா? பெற்றோர்கள் இவற்றைக் கேட்க வேண்டும். முதலாளி மாறினாலும், பையன் கற்ற தொழில் அவனோடு இருக்கும்.